லயத்து அறையும் எண்முறை இசையும்

மலையகக் காமன் கூத்தின் தப்பொலி இன்று எண்முறைப் பதிவாகவும் கேட்கப்படுகின்றது. வீட்டில் அது தெளிவிழந்து முழங்குமாயின், குறை பதிவினது என நாம் எளிதில் எண்ணிவிடுகின்றோம். ஆயின், 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டே ஒலியலையை வினாடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக்கியது. செவி உணரும் 20,000 ஹேர்ட்ஸ் எல்லைக்கு அது போதும். குறை பெரும்பாலும் அறையினதே.

ஹற்றன், நுவரெலியாத் தோட்ட லயங்களில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை வழமையானது. எதிரெதிர்ச் சுவர்களிடையே, 12 அடி நீளத்தில் ஏறத்தாழ 47 ஹேர்ட்ஸிலும், 10 அடியில் 56 ஹேர்ட்ஸிலும், அவற்றின் மடங்குகளிலும் நிலையலைகள் தோன்றும். ஒலிபெருக்கியை மூலையில் வைப்பின் அவை மிகுந்து பாடற்சொல்லை மறைக்கும்.

ஆகவே, முதலில் ஒலிபெருக்கிகளை மூலையினின்று விலக்குதல் வேண்டும். அவ்விரண்டும் கேட்போரும் சமபக்க முக்கோணமாக அமைதல் நன்று. பக்கச் சுவரில் தொங்கும் தடித்த கம்பளி உயர்தொனிகளின் எதிரொலியைத் தணிக்கும். தாழ்தொனிக்கு அது பயன்படாது. அதற்கு ஒலிபெருக்கியின் இடத்தை மாற்றுதலும், சமன்படுத்தியில் முழங்கும் தொனியைச் சிறிது குறைத்தலுமே வழி.

சி. வி. வேலுப்பிள்ளை மலையகப் பாடல்களை எழுத்திலே தொகுத்தளித்தார். குரலின் ஏற்றத்தாழ்வை எழுத்துக் காட்டாது. அதனைக் காக்கும் ஒலிப்பதிவு, சொல் தெளியக் கேட்கப்படும்போதே பயன் நிறைவுறும் என நாம் கருதுகின்றோம்.