எக்ஸெல்லில் நிலாக் கணக்கு

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எக்ஸெல்லில் மளிகைக் கணக்கு மட்டும் போட்டுக் கொண்டிருப்பவரா நீங்கள்? நானும் அப்படித்தான் இருந்தேன். பொழிச்சலூரில் எங்கள் மொட்டை மாடியில் நின்றால் விமானங்களுக்கு நடுவே நிலா தெரியும். "அமாவாசைக்கு இன்னும் எத்தனை நாள்டா?" என்று அம்மா கேட்பார். அதை எக்ஸெல்லையே சொல்ல வைத்தால் என்ன?

கணக்கு எளிது. ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு சராசரியாக 29.530589 நாட்கள். தெரிந்த ஓர் அமாவாசையிலிருந்து இன்றுவரை உள்ள நாட்களை இந்த எண்ணால் வகுத்தால் வரும் மீதிதான் நிலாவின் வயது. நான் எடுத்துக் கொண்டது 2000 ஜனவரி 6, இரவு 11.44 மணி அமாவாசை. எக்ஸெல் 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து நாட்களை எண்ணுகிறது. அதன்படி இந்த நேரம் 36531.989.

ஏ1 செல்லில் தேதியைக் கொடுங்கள். பி1-ல் சமக்குறி போட்டு, எம், ஓ, டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள். இது மீதி காணும் ஃபங்ஷன். அடைப்புக்குறிக்குள் ஏ1-லிருந்து 36531.989-ஐக் கழித்து, கமா போட்டு, 29.530589 கொடுத்து என்டர் தட்டுங்கள். விடை தேதி மாதிரி வந்தால் பயப்பட வேண்டாம், ஃபார்மட் செல்ஸில் நம்பர் என்று மாற்றுங்கள். 0-ஐ ஒட்டி வந்தால் அமாவாசை, 7.4 வளர்பிறைப் பாதி நிலா, 14.8 பௌர்ணமி, 22.1 தேய்பிறைப் பாதி.

இதோடு நிறுத்தியிருக்கலாம். 2024-க்கு அமாவாசைப் பட்டியலே பிரிண்ட் எடுத்து, அம்மாவிடமும் பக்கத்தில் நாலு வீட்டிலும் கொடுத்தேன். அமாவாசைதோறும் அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்வது நான்தான். பங்குனி அமாவாசைக்கு என் தாள் சொன்னது ஏப்ரல் 9, விடியற்காலை 4 மணி. எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மா சிரித்தார். "9-ஆம் தேதி எங்களுக்கு உகாதி தம்பி. அமாவாசைக்கு மறுநாள்தானே உகாதி வரும்?"

அவர் சொன்னதுதான் சரி. அந்த அமாவாசையில்தான் அமெரிக்காவில் முழு சூரிய கிரகணம். சூரியனும் நிலாவும் சேர்ந்தது நம் நேரப்படி 8-ஆம் தேதி இரவு 11.50 வாக்கில். அமாவாசைத் திதி அந்தக் கணத்தில் முடிகிறது, தொடங்குவதில்லை. என் தாளை நம்பியிருந்தால் தர்ப்பணம் தவறியிருக்கும்.

கோளாறு சராசரியில். நிலாவின் பாதை நீள்வட்டம், வேகம் மாறும். அதனால் அமாவாசை இடைவெளி ஏறக்குறைய 29 நாள் 6 மணியிலிருந்து 29 நாள் 20 மணி வரை போகும். நான் எடுத்த முதல் அமாவாசையே சராசரியைவிட சுமார் 4 மணி பிந்தியது! 36531.989-க்குப் பதில் 36531.826 போடுங்கள், கணக்கு கொஞ்சம் நேராகும். போட்டேன். வந்த விடை ஏப்ரல் 9, நள்ளிரவு 12.04. பிசகு கால் மணிதான், தேதி மட்டும் இன்னும் 9! சில மாதங்களில் அரை நாளுக்கும் மேல் தவறும்.

நம் வாக்கியப் பஞ்சாங்கக்காரர்கள் இதற்கு வைத்திருந்த வழி அழகு. நிலாவின் வேக மாற்றம் 248 நாட்களில் ஏறக்குறைய அப்படியே திரும்பும். எனவே நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்கள், எழுத்துகளே எண்கள். மனப்பாடமாகவே வைத்திருந்தார்கள். சென்னை வானாய்வு நிலையத்தில் பணியாற்றிய ஜான் வாரன், 1825-ல் வெளிவந்த 'கால சங்கலித'த்தில் ஒருவரைப் பற்றி எழுதுகிறார். புதுச்சேரிக்காரரான அவர், தரையில் சோழிகளைப் பரப்பி, நினைவிலிருந்த எண்களைக் கொண்டே அந்த ஆண்டு மே 31 இரவு சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் பிசகு 4 நிமிடம், முடிவில் 52 நிமிடம். கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு நான் ஒரு தேதியையே தவற விட்டேன்!

அந்த 248 எண்களையும் ஒரு ஷீட்டில் ஏற்றி, வி-லுக்கப் மூலம் எடுக்க முயன்று வருகிறேன். மாடியில் நிலா பார்க்க என் ஃபார்முலா போதும். தர்ப்பணத்துக்கு அம்மாவின் தினசரி காலண்டர்தான்.