டேங்க் மூடியின் இரண்டாவது ஓட்டை

கத்திரி வெயில் தொடங்கும்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் ஓர் எச்சரிக்கை தவறாமல் வலம் வருகிறது. வெயில் காலத்தில் டேங்கை நிரப்பினால் வெடித்துவிடும், பாதி அளவே பெட்ரோல் போட வேண்டும், நாளுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து உள்ளே சேர்ந்த வாயுவை வெளியேற்ற வேண்டும் என்று இந்தியன் ஆயில் நிறுவனமே சொல்வதாக அது அறிவிக்கும். அந்நிறுவனம் இதை மறுத்து, வண்டித் தயாரிப்பாளர் குறித்த அளவுவரை எல்லாப் பருவத்திலும் நிரப்பலாம் என்று விளக்கிய பிறகும், அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வானம் பார்த்த பூமியில் இச்செய்திக்கு மதிப்புக் குறையவில்லை. வெடிக்கும் என்பது கட்டுக்கதை. ஆனால், வெயிலில் நின்ற வண்டியின் மூடியைத் திருகினால் ‘புஸ்’ என்று ஒரு சத்தம் வருகிறதே, அது மெய். பழைய பாணியில் வடிவமைக்கப்பட்ட மோட்டார் சைக்கிள்களின் டேங்க் மூடி ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது என்ற கேள்விக்கான விடையும் அந்தச் சத்தத்தில்தான் தொடங்குகிறது.

வெடிப்பை முதலில் தள்ளிவைக்கலாம். தீப்பொறி இல்லாமல் பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ள 250 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் தேவை; சித்திரை வெயிலில் எவ்வளவு நேரம் நின்றாலும் எந்த டேங்கும் அதன் அருகில்கூடப் போவதில்லை. அது மட்டுமன்றி, காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால்தான் அது எரியும். மூடிய டேங்கின் உள்ளே ஆவியின் பங்கு இந்த வரம்பைத் தாண்டி வெகுதூரம் போய்விடுவதால், அங்கே எரிவதற்குப் போதிய காற்றே இருப்பதில்லை. ஆபத்து இருப்பது மூடியைத் திறந்த வாயைச் சுற்றித்தான். ஆகவே, நாள்தோறும் மூடியைத் திறந்து வையுங்கள் என்ற வாட்ஸ்அப் யோசனை, இல்லாத ஆபத்தை விலக்க இருக்கும் ஆபத்தை வரவழைக்கிறது.

பழைய பாணி மூடியின் தொல்லைகளைப் பெட்ரோல் பங்க்கில் ஐந்து நிமிடம் நின்றால் பார்த்துவிடலாம். சாதாரண வண்டிகளில் மூடி ஒரு கீலில் நிமிர்ந்து நிற்க, பழைய பாணி வண்டிகள் பலவற்றில் அது முழுதாகக் கழன்று, சாவிக்கொத்தையும் தொங்கவிட்டுக்கொண்டு கைக்கு வந்துவிடுகிறது. ஒரு கையில் மூடி, மறு கையில் பணம் என்று நிற்பவர் அதை இருக்கையில் வைத்தால் உருண்டு தரையில் விழுகிறது. டேங்க்மேல் வைத்தாலோ வீட்டுச் சாவி வண்ணப்பூச்சில் கோடு போடுகிறது. கீழே விழுந்த மூடியின் அடியிலுள்ள ரப்பர் வளையத்தில் ஒட்டிக்கொள்ளும் மண், மூடியைத் திரும்ப மாட்டும்போது டேங்குக்குள் குடியேறுகிறது. வேறு சில வண்டிகளில் நெம்பித் திறக்கும் பளபளப்பான மேல்மூடி இருக்கும். அதைத் திறந்தால் கீழே பூட்டுடன் கூடிய இன்னொரு சாதாரண மூடி காத்திருக்கும். மேலே இருப்பது அலங்காரம் மட்டுமே.

வரலாறு இதில் அதிகம் உதவாது. 1955-இல் சென்னையில் புல்லட்டும், 1961-இல் மைசூரில் ஜாவாவும் உருவாகத் தொடங்கிய காலத்தில், கால் சுற்றுச் சுற்றினால் கழன்று வரும் மூடியே எளிதாகவும் மலிவாகவும் செய்யக்கூடியதாக இருந்தது. நெம்பித் திறக்கும் மூடியோ, பந்தயத்தின் நடுவே விரைவாகப் பெட்ரோல் நிரப்பும் தேவைக்காகப் பிறந்து, இத்தாலியின் மோன்சா பந்தயத்தளத்தின் பெயரைச் சூடிக்கொண்டது. 2009-இல் வந்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக், 2018-இல் மறுபிறவி எடுத்த ஜாவா ஆகியவற்றுக்குப் பின் பழைய தோற்றத்துக்குச் சந்தை பெருகியபோது, அந்தத் தேவைகள் எதுவும் இல்லாமலே அந்த வடிவங்கள் மட்டும் திரும்பி வந்தன.

ஆனால், மூடியின் வெளித்தோற்றத்தைவிட அதன் வயிற்றுக்குள் இருக்கும் ஒரு சிறு துளையே உண்மையில் வியப்புக்குரியது. விருதுநகர்ச் சந்தையிலிருந்து வரும் 15 கிலோ எண்ணெய் டின்னை எந்த மளிகைக் கடைக்காரரும் ஒரே ஓட்டை போட்டு ஊற்றுவதில்லை. ஒரு மூலையில் எண்ணெய் வர ஓர் ஓட்டையும், எதிர் மூலையில் காற்றுப் போக இன்னோர் ஓட்டையும் போடுவார். பெட்ரோல் டேங்கின் இரண்டாவது ஓட்டைதான் மூடிக்குள் இருக்கும் காற்றுத் துளை. இப்போது அந்த எண்ணெய் டின்னை நடுவெயிலில் வைத்து, குண்டும் குழியுமான சாலையில் நாள் முழுவதும் குலுக்கி, இரண்டாவது ஓட்டைக்கு ஒரு காவலாளியை நியமிப்பதாகக் கொள்வோம். எண்ணெய் இறங்கும்போது அவர் காற்றை உள்ளே விட வேண்டும். வெயிலேறி டின் உப்பும்போது ஆவியை வெளியே விட வேண்டும். டின் கவிழ்ந்தால் ஒரு சொட்டும் சிந்தாமல் ஓட்டையின்மேல் உட்கார்ந்துகொள்ள வேண்டும். தூசியை எந்நேரமும் தடுக்க வேண்டும். சம்பளமும் விடுப்பும் இல்லாத இந்த வேலை முழுவதையும், ஒரு சிறு சுருள்வில், ஒரு ரப்பர் வட்டு, சாய்ந்தால் உருண்டு வழியை அடைக்கும் ஒரு குண்டு ஆகியவை ஒரு சென்டிமீட்டர் இடத்துக்குள் செய்து முடிக்கின்றன. இந்த அமைப்பையே தடுப்பிதழ் (வால்வு) என்கிறார்கள்.

காவலாளி தூங்கிவிட்டால் நடப்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளில் பெட்ரோல் தன் எடையால் மட்டுமே கீழே இறங்குகிறது. 30 சென்டிமீட்டர் உயரப் பெட்ரோல் தரும் அழுத்தம் ஏறத்தாழ 2.2 கிலோபாஸ்கல், வளிமண்டல அழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். ஆகவே, டேங்குக்குள் அழுத்தம் நூற்றுக்கு இரண்டு குறைந்தாலே பெட்ரோல் இறங்க மறுத்துவிடும். டேங்கில் 5 லிட்டர் காலி இடம் இருந்து, காற்றுத் துளை அடைபட்டிருந்தால், 100 மில்லிலிட்டர் செலவானதும் அந்த நிலை வந்துவிடுகிறது. லிட்டருக்கு 35 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அது மூன்றரைக் கிலோமீட்டர்த் தூரம். டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் ஆவி குறைவை ஓரளவு ஈடுசெய்வதால் தூரம் இரு மடங்கு ஆகலாம், அவ்வளவே. அருப்புக்கோட்டையில் புறப்பட்ட வண்டி திருச்சுழி சேர்வதற்குள் வழியில் நின்று, ரப்பர் வளையத்தின் இடுக்கில் மெல்லக் காற்றுக் கசிந்ததும் ஒன்றும் நடவாததுபோல் மறுபடி கிளம்பி, மீண்டும் நிற்பதன் மர்மம் இதுதான். மெக்கானிக்குகள் இதை ‘ஏர் லாக்’ என்பார்கள். உண்மையில் அடைபட்டிருப்பது காற்று வரும் வழி.

பெட்ரோலை மின்பம்பு வளிமண்டலத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு அழுத்தத்தில் தள்ளும் இன்றைய வண்டிகள் இதற்காக வழியில் நிற்பதில்லை. அவற்றில் தொல்லை வேறு உருவில் வருகிறது. உள்ளழுத்தம் பத்து விழுக்காடு குறைந்துவிட்டால், 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூடியை வெளிக்காற்று இரண்டு கிலோ எடையின் விசையோடு கீழே அழுத்துகிறது. விரல் பற்ற வாகில்லாத வழுவழுப்பான குரோம் மூடியை, வியர்த்த கையால் அந்த விசைக்கு எதிராகத் தூக்க முயல்பவர் பூட்டில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்.

இந்தத் துளைக்குக் கரிசல் காட்டைவிடப் பொல்லாத பகை கிடையாது. கரிசல் மண்ணின் களித்துகள்கள் மிக நுண்ணியவை. ஈரம் பட்டால் உப்பி, காய்ந்தால் சுருங்கி இறுகுபவை. ஆடிக்காற்றில் பறக்கும் அந்தப் புழுதி மூடியின் விளிம்பில் படிகிறது. பகலில் சூடேறி ஆவியை வெளிவிட்ட டேங்க் இரவில் குளிரும்போது, அது பாதி காலியாக இருந்தால் ஒரு லிட்டருக்கு மேல் வெளிக்காற்றை உள்ளிழுக்கிறது. காற்றோடு புழுதியும் துளையை நோக்கிப் போகிறது. மழை அரிதான ஊரில் ஈரம் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். மாதம் தவறாமல் நடக்கும் ‘வாட்டர் சர்வீஸ்’ இருக்கிறதே, அங்கே மூடியின்மேல் நேராகப் பீய்ச்சப்படும் தண்ணீர், புழுதியைக் குழைத்துத் துளைக்குள் பூசிவிடுகிறது. ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் தண்ணீர் டேங்குக்குள்ளும் இறங்கும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கலந்துகொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனியே பிரிந்து டேங்கின் அடியில், அதாவது பம்பின் வாயில், தங்கிவிடும்.

2020 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த பிஎஸ்-6 விதிகளை நிறைவுசெய்யும் வண்டிகளில் ஆவி திறந்தவெளிக்குப் போவதில்லை. டேங்கிலிருந்து ஒரு குழாய் அதைக் கரித்தூள் நிரப்பிய சிறு குப்பிக்குக் கொண்டுபோகிறது; ஆவியைக் கரி பிடித்து வைத்துக்கொள்ள, இன்ஜின் ஓடும்போது அது உறிஞ்சப்பட்டு எரிகிறது. டேங்கை நிரப்பாதீர்கள் என்ற வாட்ஸ்அப் செய்தியில் ஒளிந்திருக்கும் கால் பங்கு உண்மை இங்கேதான் உள்ளது. பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரிவடையும். நிலத்தடித் தொட்டியிலிருந்து வரும் பெட்ரோலை 13 லிட்டர் டேங்கில் மூடி தொடும்வரை நிரப்பி, வெயிலில் நிறுத்தி, அது 20 டிகிரி சூடேறினால், கால் லிட்டருக்குப் போக இடம் இருக்காது. அது ஆவிக்குழாய் வழியே கரிக்குப்பியில் இறங்கினால் கரி நனைந்து கெடும். வெடிப்பு இல்லை, வெறும் பழுதுச் செலவு. ஆனால் பழுதுச் செலவைப் பற்றிய செய்தியை யாரும் பத்துப் பேருக்கு அனுப்புவதில்லை.

விளம்பரங்கள் ‘பாரம்பரியம்’ என்று போற்றும் மூடி, தன் வேலையில் பாதியைத்தான் கண்ணுக்குக் காட்டுகிறது; சாலையில் வண்டியை ஓடவைக்கும் மறுபாதி குரோமுக்குக் கீழே மறைந்திருக்கிறது. அந்தப் பாதியைக் காப்பது பெரிய வித்தை ஒன்றும் அன்று. வண்டி ஓடி ஓடி நின்றால், பிளக்கையும் கார்புரேட்டரையும் கழற்றுமுன் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, அதன்பின் வண்டி ஓடினால், பழுது மூடியில்தான். துளையைக் குண்டூசியால் குத்தினால் ரப்பர் வட்டு கிழியும் என்பதால், காற்றடித்துச் சுத்தம் செய்வதே முறை. பெட்ரோலைக் கழுத்துக்குழாயின் அடிமட்டத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வண்டி கழுவும்போது மூடியின்மேல் ஒரு துணியைப் போட்டுக்கொள்ள வேண்டும். புதிதாக வாங்குவோர், விலை பேசுமுன் ஷோரூமிலேயே சாவியைக் கேட்டு வாங்கி, மூடியை ஒரு கையால் திறந்து மூடிப் பார்த்துவிடுவது நல்லது.