ஆயுளில் ஒரே ஒருமுறை பூக்கும் தாளிப்பனை... தோட்டத்தில் வளர்ப்பது எப்படி?

தென்னை வருடம் முழுவதும் பாளை விடும். பனை வருடந்தோறும் பூக்கும். தாளிப்பனையோ தன் ஆயுளில் ஒரே ஒருமுறைதான் பூக்கும். காய்த்து முடித்ததும் மரம் பட்டுப்போய்விடும்.

குடைப்பனை, கூந்தல் பனை என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. கேரளத்திலும் இலங்கையிலும் இயல்பாக வளரும் இந்த மரத்தை, தமிழகத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பார்க்க முடியும். ஒரு ஓலையே சுமார் 5 மீட்டர் அகலத்துக்கு விரியும். ஓர் ஓலை 15, 20 பேரை மழையில் நனையாமல் காக்கும் என்று, 1681-ல் வெளியான இலங்கை பற்றிய நூலில் ராபர்ட் நாக்ஸ் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் குடை, கூரை, எழுதும் ஏடு எல்லாமே இந்த ஓலைதான்.

விதைப்பது எப்படி?

பழுத்து உதிர்ந்த புதிய பழங்களைச் சேகரித்து, தோலை நீக்கி, விதைகளை ஓரிரு நாள் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். முளைக்க மாதக்கணக்கில் ஆகலாம். பனங்கொட்டையைப் போலவே, முளை முதலில் மண்ணுக்குள் ஆழமாக இறங்கி, அதன்பிறகே இலை மேலே வரும். அதனால் சின்னத் தொட்டி சரிப்படாது. நிலத்திலேயே நேரடியாக ஊன்றுவது நல்லது.

எங்கே வைக்கலாம்?

நல்ல வெயிலும், தண்ணீர் தேங்காத மண்ணும் வேண்டும். வீட்டுச் சுவர், மின்கம்பி ஆகியவற்றிலிருந்து குறைந்தது 25 அடியாவது தள்ளி வையுங்கள். ஓலைக் காம்பின் ஓரங்களில் முள் இருக்கும். குழந்தைகள் விளையாடும் இடம் என்றால் கவனம். சின்ன மனையில் வீடு கட்டியிருப்பவர்கள் ஆசைப்பட வேண்டாம். தோப்பு, ஏரிக்கரை, கோயில் நந்தவனம் போன்ற இடங்கள் பொருத்தமானவை. முதல் சில வருடங்கள் கோடையில் தண்ணீர் ஊற்றினால் போதும்.

பூத்தால் வெட்டாதீர்கள்!

பூக்க 30 முதல் 80 வருடங்கள் வரை ஆகும். அத்தனை காலமும் தண்டுக்குள் மாவுச்சத்தைச் சேர்த்துவைக்கும் மரம், உச்சியில் 20 அடி உயரப் பூங்கொத்தாக மொத்தத்தையும் செலவழித்துவிடும். அதனால்தான் பிறகு பட்டுப்போகிறது. காய் பழுத்து உதிர ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும்.

‘எப்படியும் சாகப்போற மரம்தானே’ என்று அதற்குள் வெட்டிவிட்டால், ஒரு விதைகூட மிஞ்சாது. அந்த ஒரு வருடம் பொறுத்தால், ஒரே மரத்தின் விதைகளை ஊருக்கே கொடுக்கலாம். விதைத்தவர் பூவைப் பார்க்காமல் போகலாம், பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள்.