1725-ஐ 50 ஆக்கும் பெல்ட்

அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டுக்கு வீடு இருக்கும் துணி உலர்த்தும் டிரையருக்கு வரும் கோளாறுகளில் ஒன்று கொஞ்சம் விசித்திரமானது. பொத்தானை அழுத்தினால் மோட்டார் உறுமும், காற்று வீசும், சூடும் ஏறும். துணி மட்டும் போட்ட இடத்திலேயே கிடக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, உள்ளே கையைவிட்டு டிரம்மைத் தள்ளினால் தடையே இல்லாமல் சுற்றும். பெல்ட் அறுந்துவிட்டது என்று பொருள். (சில மாடல்களில் பெல்ட் போனதும் ஒரு சிறிய சுவிட்ச் மோட்டாரையே ஓடவிடாது. அசையாத துணிமேல் சூட்டைக் கொட்டிக்கொண்டிருப்பதைவிட அதுதான் புத்திசாலித்தனம்.)

அறுந்த பெல்ட்டை வெளியே எடுத்துப் பார்ப்பவருக்கு ஏமாற்றமாக இருக்கும். இவ்வளவு பெரிய டிரம்மைச் சுற்றியது இதுவா? அமெரிக்க வீடுகளில் சகஜமாகக் காணும் ஒரு வகையில் அதன் அகலம் 6 மில்லிமீட்டர்தான். நீளம் சுமார் 2.4 மீட்டர். உள்ளே பாலியஸ்டர் நூல், மேலே ரப்பர், ஒரு முகத்தில் நீளவாக்கில் மெல்லிய வரிகள். விலை சில டாலர். ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு வேகங்களைச் சேர்த்துவைப்பது அதுதான்.

முதல் வேகம் மின்நிலையத்திலிருந்து வருகிறது. வட அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 முறை (60 ஹெர்ட்ஸ்) முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது. நான்கு துருவ மோட்டாருக்குள் அதனால் எழும் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1800 முறை சுழலும். மோட்டாரின் தண்டு சற்றே பின்தங்கி, 1725 முறை சுற்றும். வீட்டுக்காரர் விரும்பினாலும் இதை மாற்ற முடியாது.

இரண்டாவது வேகத்தை விதிப்பது புவியீர்ப்பு. ஈரத்துணி டிரம்மின் சுவரோடு மேலே ஏறி, உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் கழன்று, சூடான காற்றுக்குள் விழ வேண்டும். அப்படி விழும்போதுதான் அது விரிந்து உலரும். டிரம் மெதுவாகச் சுற்றினால் துணி அடியிலேயே புரளும். வேகமாகச் சுற்றினால் சுவரோடு ஒட்டிக்கொண்டு விழவே விழாது; சலவை இயந்திரம் துணியைப் பிழிவது அப்படித்தான். எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று கணக்கிடலாம். டிரம்மின் ஆரம் சுமார் 34 சென்டிமீட்டர். அந்த ஆரத்தில் ஒரு பொருள் உச்சியிலும் விழாமல் ஒட்டிக்கொள்ள, நிமிடத்துக்கு ஏறக்குறைய 51 சுற்று போதும். துணிக் குவியலின் நடுப்பகுதி சுவரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருப்பதால் அதற்கு வரம்பு இன்னும் சற்று அதிகம். டிரையர்களின் டிரம் சுற்றுவது 50-ஐ ஒட்டிய வேகத்தில். ஒட்டிக்கொள்ளும் வேகத்துக்குச் சற்று கீழே நிறுத்தியிருக்கிறார்கள்! இதே இயந்திரத்தைப் பூமியைவிட ஈர்ப்பு குறைந்த இடத்துக்குக் கொண்டுபோனால் துணி சுவரைவிட்டு இறங்காது.

ஆக, 1725-ஐ 50 ஆக்க வேண்டும். ஏறத்தாழ 35-க்கு 1. பற்சக்கரம் வைத்தால் சத்தம், எண்ணெய், செலவு. பொறியாளர்கள் கண்ட வழி ஒருவகையில் சோம்பேறித்தனமானது, அதனாலேயே அழகானது: டிரம்மையே பெரிய சக்கரமாக வைத்துக்கொண்டார்கள். பல மாடல்களில் டிரம்முக்கு அச்சுகூடக் கிடையாது. பின்பக்கம் இரண்டு சிறு உருளைகள்மேலும், முன்பக்கம் ஒரு தாங்கியின்மேலும் அது சும்மா உட்கார்ந்திருக்கிறது. அதன் 2.15 மீட்டர் சுற்றளவைப் பெல்ட் தழுவிப்போய், மோட்டார் தண்டின் முனையிலுள்ள சுமார் 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள புல்லியில் வளைந்து திரும்புகிறது. மோட்டாரை 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காகச் செய்தால் அது 1440 சுற்றுக்கருகில்தான் ஓடும். அப்போது இந்தப் புல்லியை இன்னும் கொஞ்சம் பருமனாகச் செய்தாக வேண்டும். ஈர்ப்பு எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான், மின்சாரம் அப்படியில்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரிய டிரம்மையும் சின்னப் புல்லியையும் அருகருகே வைத்து ஒரு வாரால் சுற்றினால், அந்த வார் டிரம்மை முக்கால்வாசிக்குமேல் தழுவும். புல்லியையோ கால் சுற்றுகூடத் தழுவாமல் தொட்டுவிட்டுப் போகும். வழுக்காதா?

முரண்டு பிடிக்கும் மாட்டோடு மல்லுக்கட்டாமல், பக்கத்து மரத்தில் கயிற்றை இரண்டு சுற்று போட்டுவிட்டு நுனியை நிதானமாகப் பிடித்துக்கொண்டிருப்பவரைப் பார்த்திருக்கலாம். அவருக்குப் பின்னால் இருக்கும் கணக்கை 18-ஆம் நூற்றாண்டில் லெயோனார்டு ஆய்லர் எழுதிவைத்தார். சுற்றிய கோணம் கூடக்கூட, பிடிமானம் கூட்டல் கணக்கில் அல்ல, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. உராய்வு எண் 0.3 என்று வைத்துக்கொண்டால், அரைச் சுற்று சுற்றிய கயிறு நாம் பிடிக்கும் விசையைப்போல் 2.6 மடங்கு இழுவையைத் தாங்கும். ஒரு சுற்று 6.6 மடங்கு, இரண்டு சுற்று 43 மடங்கு. மரம் பருத்ததா மெலிந்ததா என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. கோணம்தான் எல்லாம். நம்புவதற்குச் சற்றுக் கடினமாகத்தான் இருக்கும், ஆனால் 2 சென்டிமீட்டர் புல்லி பிழைப்பது இந்த விதியால்தான்.

கோணத்தைக் கூட்டுவதற்காக ஐட்லர் என்ற சிறிய சக்கரம் ஸ்பிரிங் இழுப்பில் நிற்கிறது. பெல்ட்டின் முதுகுப் பக்கத்தில், தளர்ந்த பகுதியை அழுத்தி, புல்லியை அது அரைச் சுற்றாவது தழுவும்படி வளைக்கிறது. அதோடு பெல்ட்டின் வரிகள் புல்லியின் பள்ளங்களில் ஆப்புபோல இறங்குகின்றன. பள்ளத்தின் கோணம் 40 பாகை. இதனால் அழுத்தம் மும்மடங்காகிறது, உராய்வும் அப்படியே. அதே 0.3-ஐ வைத்துக் கணக்குப் போட்டால், கால் சுற்று தழுவிய வழவழப்பான வாருக்கு 1.6 மடங்குதான் கிடைத்திருக்கும். அரைச் சுற்று தழுவிய வரிப் பெல்ட்டுக்கு 15 மடங்குக்குமேல் கிடைக்கிறது. டிரம்மின் வெளிப்புறம் மொழுமொழுவென்று இருந்தும் வழுக்காததற்குக் காரணம், பெல்ட் அதை அவ்வளவு தூரம் தழுவுவதுதான்.

பெல்ட் கொடுக்கும் விலை வேறு. சுமார் 1.3 நொடிக்கு ஒருமுறை அதன் ஒவ்வொரு அங்குலமும் அந்தக் குட்டிப் புல்லியில் ஒருபக்கம் வளைகிறது. ஐட்லரில் எதிர்ப்பக்கம் வளைகிறது. தினம் ஒரு மணி நேரம் ஓடும் வீட்டில், ஆண்டுக்குப் பத்து லட்சம் சுற்று, இருபது லட்சம் வளைவு. பக்கத்திலேயே சூடு, எங்கும் பஞ்சுத்தூசி. முதலில் வரிகளில் மயிரிழை விரிசல் விழும். பிறகு ஓரம் பிசிறும். கடைசியில் நூல் அறும். சில ஆண்டுகள் தாங்குகிறதே என்பதுதான் என் வியப்பு.

புதிதாக மாட்டும் வேலை கடினமில்லை, அவசரம் மட்டும் ஆகாது. முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். அமெரிக்க மின் டிரையரில் ஓடுவது 240 வோல்ட். எரிவாயு வகையானால் வால்வையும் மூட வேண்டும். பரவலான ஒரு வகையில் பஞ்சு வடிகட்டியருகே இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, முன்விளிம்பின் இடுக்கில் தட்டையான கத்தியைச் செருகி நெம்பினால் மேல்மூடி எழும்பும். அடுத்து முன்தகடு வரும்; அப்போது டிரம்மைக் கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே குவிந்திருக்கும் பஞ்சுத்தூசியை உறிஞ்சி எடுக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. டிரையர் தீவிபத்துகளுக்குச் சுத்தம் செய்யாமை ஒரு முக்கியக் காரணம் என்று அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் சொல்லிவருகிறது.

பழைய பெல்ட் ஓடிய தடம் டிரம்மின்மேல் மங்கலான கோடாகத் தெரியும். வரிப்பக்கம் டிரம்மைப் பார்க்க, முறுக்கில்லாமல், அந்தக் கோட்டிலேயே புதியதைப் போட வேண்டும். மிச்சமிருக்கும் தொங்கலை மோட்டார் பக்கம் கொண்டுபோய், ஒரு கையால் ஐட்லரை ஸ்பிரிங்குக்கு எதிராகத் தள்ளி, மறுகையால் பெல்ட்டைப் புல்லியில் மாட்ட வேண்டும். தரையில் படுத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விரல்களால் பார்த்துச் செய்யும் வேலை. ஐட்லர் தவறான பக்கம் அமைந்தால் பெல்ட் தொளதொளவென்றே இருக்கும். டிரம்மைக் கையால் சில முறை சுற்றினால் பெல்ட் தன் தடத்தில் உட்கார்ந்துவிடும்.

புது பெல்ட் பொட்டலத்தில் மடிந்து கிடந்ததால் முதல் சில ஓட்டங்களில் தட்தட்டென்று சத்தம் வரலாம். மடிப்பு நிமிர்ந்ததும் அடங்கும். அடங்காவிட்டால் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்க்கலாம். பெல்ட் டிரம்மின் சுற்றளவைவிட நீளமாதலால் அது டிரம்மைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் ஒரு சுற்றை முடிக்கும். நிமிடத்துக்கு 45 தட்டல் என்றால் குறை பெல்ட்டில். 50 என்றால் டிரம்மில். எண்ணவே முடியாத வேகம் என்றால் பின்னாலிருக்கும் உருளைகளில் ஒன்று தேய்ந்திருக்கிறது.