கலை அரசி எழுப்பிய கேள்வி

இந்தியாவின் விண்வெளிப் பயணம் 1963 நவம்பர் 21 அன்று தும்பாவில் தொடங்கியது. அன்று விண்ணில் ஏவப்பட்டது நைக்-அப்பாச்சி என்னும் சிறிய அமெரிக்க ராக்கெட். அதற்கு ஏழு மாதங்கள் முன்னதாகவே தமிழ்த் திரைப்படமொன்று தன் கதாநாயகனை வேற்றுக் கிரகத்துக்கு அனுப்பித் திரும்பவும் அழைத்து வந்துவிட்டது. ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் எம்.ஜி.ஆர்., பி. பானுமதி, எம்.என். நம்பியார் நடித்த 'கலை அரசி'தான் அந்தப் படம்.

வேற்றுக் கிரகவாசியை மையமாகக் கொண்டு சத்யஜித் ராய் 'தி ஏலியன்' என்ற திரைக்கதையை எழுதியது 1967-இல். அது படமாகவே இல்லை. ஆயினும் அதைப் பற்றி இன்றுவரை எழுதப்படுகிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே திரைக்கு வந்துவிட்ட 'கலை அரசி'யோ, எம்.ஜி.ஆர். படப் பட்டியலில் ஒரு விநோதமாக மட்டுமே நினைவுகூரப்படுகிறது. அட்டை அரங்குகளையும் விசித்திர உடைகளையும் கண்டு நகைப்பவர்கள், அதன் கதைக்கருவைக் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள்.

அந்தக் கிரகம் அறிவியலில் பூமியை விஞ்சியது. ஆனால், கலைகளில் பின்தங்கியது. அக்குறையைப் போக்க, பூமிக்கு வரும் நம்பியார், இசையில் தேர்ந்த பானுமதியைக் கடத்திச் செல்கிறார். நடிகை, பாடகி, எழுத்தாளர், இயக்குநர், தயாரிப்பாளர் எனப் பல திறன்கள் ஒருங்கே அமைந்த பானுமதியை அந்த வேடத்துக்குத் தேர்ந்தது எத்தனை பொருத்தம்!

பொருளியல் நோக்கில் இங்கே ஒரு கேள்வி எழுகிறது. விண்கலம் கட்டத் தெரிந்தவர்கள், பூமியின் இசையைப் பதிவு செய்துகொண்டு போயிருக்கலாமே? ஏன் ஆளைத் தூக்கிச் செல்ல வேண்டும்? ஏனெனில், திறன் என்பது சரக்கு அன்று. அது மனிதரைவிட்டுப் பிரியாதது. சொல்லில் அடங்காத அறிவு குறித்து மைக்கேல் போலன்யி தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டது 1966-இல். நாம் சொல்லக்கூடியதைவிட அதிகமாக அறிந்திருக்கிறோம் என்பது அவரது வாதம். பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்வது பற்றி லண்டன் ராயல் கழகம் கவலையோடு அறிக்கை வெளியிட்டதும் இப்படம் வந்த அதே 1963-இல்தான். அங்கே திறனாளர்களை ஊதியம் ஈர்த்தது; திரைக்கதையில் பலவந்தம் பறித்தது. இரண்டிலும் உண்மை ஒன்றே: திறன் வேண்டுமெனில் மனிதர் வேண்டும்.

இவ்வுண்மை ஏழாயிரம்பண்ணைக்கு அந்நியமானதன்று. தீப்பெட்டியும் பட்டாசும் இவ்வட்டாரத்தின் வாழ்வாதாரம். வேதியியல் கலவையின் விகிதத்தைத் தாளில் எழுதிவிடலாம். மருந்தை எவ்வளவு இறுக்கமாகச் செலுத்துவது, உராய்வு நேராமல் கையை எப்படி நகர்த்துவது என்பவற்றை எந்தத் தாளும் முழுமையாகச் சொல்லிவிடாது. அவை ஆண்டுக்கணக்கில் விரல்களில் படிந்த அறிவு. ஆயினும், அதற்குரியவரை நாம் 'கூலியாள்' என்றே அழைக்கிறோம்; முடித்துக் கொடுத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி தருகிறோம்.

2021 பிப்ரவரி 12 அன்று அருகிலுள்ள அச்சங்குளம் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இத்தகைய விபத்துகளுக்குப் பின் நிவாரணத் தொகை அறிவிக்கப்படுகிறது. சேத மதிப்பும் கணக்கிடப்படுகிறது. எரிந்த கட்டடத்தை மறுபடி எழுப்பலாம். மாண்டவரோடு மறைந்த கைத்திறனோ எந்தப் பேரேட்டிலும் இழப்பாகப் பதிவாவதில்லை. அது சொத்து என்று ஒருபோதும் எழுதப்படவில்லை என்பதே காரணம். சொத்தாக எண்ணியிருந்தால், அதைக் காக்கும் செலவாகவே பாதுகாப்பு ஏற்பாடுகளும் பயிற்சியும் கருதப்பட்டிருக்கும், வீண்செலவாகத் தோன்றியிரா.

'கலை அரசி'யின் கிரகவாசிகள் கொடியவர்கள்தாம். ஆனால், ஒரு விஷயத்தில் அவர்கள் நம்மைவிடத் தெளிவானவர்கள். தங்களிடம் இல்லாத திறன் இன்னதென்று அறிந்தார்கள். அதைப் பெற விண்வெளியைக் கடந்தும் வந்தார்கள். அவர்கள் தவறியது, அத்திறனுக்குரியவரின் விருப்பத்தைக் கேளாததில். நாம் தவறுவது, நம் கண்ணெதிரே இருக்கும் திறனைத் திறனென்றே கருதாததில்.

அறுபது ஆண்டுகள் கடந்த படம்தான். தந்திரக் காட்சிகள் பழமையாகிவிட்டன. அது எழுப்பும் கேள்வி பழமையாகவில்லை. வாய்ப்புள்ளோர் அதை மீண்டும் ஒருமுறை, நகைப்பை ஒதுக்கிவைத்துப் பார்க்கலாம்.