டெப்புக்கு இணையம் எங்கிருந்து வருகிறது?

பேச்சு வழக்கில் டெப் எனப்படும் பலகைக் கணினியை வாங்கச் செல்வோர் அதன் திரையளவையும் விலையையும் நுணுகி விசாரிக்கின்றனர். ஆனால், வீட்டை விட்டு வெளியே கொண்டுசென்றால் அதற்கு இணையம் எதன் வழியாகக் கிடைக்கும் என்பதைக் கேட்கத் தவறிவிடுவதுண்டு.

இச்சிக்கல் டெப்போடு கூடவே பிறந்தது. நோக்கியா நிறுவனம் 2005 இல் வெளியிட்ட 770 என்னும் கையடக்க இணையக் கருவியில் சிம் அட்டைக்கு இடமே இல்லாததால், அது ரவுட்டரைச் சுற்றிச் சில பத்து மீற்றர் தூரமே பரவும் வைஃபை அலையை நம்பியிருந்தது. அந்த எல்லையைத் தாண்டினால், புளூடூத் மூலம் ஒரு தொலைபேசியின் இணைப்பை இரவல் பெறவேண்டியிருந்தது. 2010 ஏப்ரல் 3 அன்று விற்பனைக்கு வந்த முதல் ஐபேடும் வைஃபை மட்டுமே கொண்டிருந்தது. சிம் ஏற்கும் வகை அம்மாத இறுதியில்தான் வந்தது.

இலங்கையில் 2006 இல் 3ஜி சேவையும் 2013 இல் கையடக்கத் தொலைபேசிகளுக்கான 4ஜி சேவையும் தொடங்கிய பின், கோபுரத்திலிருந்து வரும் இணையத்தைத் தொலைபேசியே வாங்கி, வைஃபை அலையாக மாற்றி, அருகிலுள்ள டெப்புக்குக் கொடுக்கும் ஹொட்ஸ்பொட் முறை எளிதாயிற்று. ஆயினும் 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் சூமுக்கும் வாட்ஸ்அப்புக்கும் மாறியபோது, இம்முறையின் குறை கண்கூடாகத் தெரிந்தது. ஒரே தொலைபேசி உள்ள வீட்டில் தந்தை அதை எடுத்துக்கொண்டு திருகோணமலையின் அன்புவழிபுரத்திலிருந்து துறைமுகப் பக்கம் வேலைக்குப் புறப்பட்டால், டெப் மேசைமேல் இருந்தாலும் பிள்ளையின் வகுப்பு அத்துடன் நின்றுவிடும். ஆதலால் ரவுட்டர் இல்லாத, படிக்கும் பிள்ளையுள்ள வீட்டார் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தேனும் சிம் ஏற்கும் டெப்பையே வாங்குவது தகும்.

ஹொட்ஸ்பொட்டையே பயன்படுத்துவோர், டெப் அதனை அளவற்ற வீட்டு இணைப்பெனக் கருதிச் செயலிகளைத் தானாகவே புதுப்பித்து டேட்டாவைத் தீர்த்துவிடாதபடி, அவ்விணைப்பை அளவுள்ள இணைப்பு என அமைப்புகளில் குறித்துவைத்தல் வேண்டும்; பெரிய காணொளிகளை, இரவு நேரத்துக்கெனத் தனி டேட்டா தரும் பொதிகளைக் கொண்டு முன்கூட்டியே தரவிறக்கிவைப்பதும் பயன் தரும். ஒரே வேளையில் கோபுரத்தோடும் டெப்போடும் பேசவேண்டியிருப்பதால் தொலைபேசியின் மின்கலம் விரைவாக இறங்கும் என்பதையும் மறத்தலாகாது.

வெளிநாட்டு உறவினர் அனுப்பும் டெப்பாயின், இலங்கையின் 4ஜி சேவைக்குப் பயன்படும் 1800 மெகாஹேர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளை அது ஏற்குமா என முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். ஐபேடில் மற்றொரு வேறுபாடும் உண்டு: செய்மதிகளின் சமிக்ஞையைக் கொண்டு இருப்பிடத்தைக் கணிக்கும் ஜீபீஎஸ், சிம் ஏற்கும் வகையில் மட்டுமே பொருத்தப்பட்டுள்ளது. கணிப்புக்கு இணையம் தேவைப்படாததால், கடலுக்குச் செல்வோர் வரைபடத்தைக் கரையிலேயே தரவிறக்கிக்கொண்டால், கோபுரத்தின் அலை எட்டாத தூரத்திலும் தம் படகு நிற்கும் இடத்தை அதில் காணலாம்.