மருந்து சென்று சேரும் வழி

மேட்டூர் அணை நிரம்பி வழிந்தாலும், கிழக்குக் கரைக் கால்வாய் உடைந்து கிடந்தால் குமாரபாளையத்தை அடுத்த கடைமடை வயல்கள் காய்ந்துதான் போகும். உற்பத்தி போதாது, விநியோகமும் சீராக இருக்க வேண்டும் என்பது பொருளாதாரத்தின் பாலபாடம். புற்றுநோய்க்கான கீமோதெரபி சிகிச்சைக்கும் இது பொருந்தும்.

புற்றுநோய்க் கட்டி வளரப் புதிய ரத்த நாளங்கள் தேவை என்று 1971-இல் அமெரிக்க மருத்துவர் ஜூடா ஃபோக்மன் கூறினார். அந்த நாளங்களை அழித்துவிட்டால் கட்டி பட்டினியால் மடியும் என்பது அவரது கருத்து. ஆனால், நாளங்களே இல்லையெனில் மருந்து எவ்வழியே செல்லும்?

இக்கேள்விக்கு 2001-இல் விடை தந்தவர், கான்பூர் ஐஐடி-யில் வேதிப்பொறியியல் பயின்று ஹார்வர்டில் பேராசிரியரான ராகேஷ் ஜெயின். கட்டியின் நாளங்கள் கோணல்மாணலானவை, கசிபவை. கசிந்த திரவம் தேங்குவதால் கட்டிக்குள் அழுத்தம் உயர்கிறது. மருந்து உள்ளே பரவுவதில்லை. பிராணவாயுவும் குறைவதால் கதிர்வீச்சின் ஆற்றலும் மங்குகிறது. நாளத் தடுப்பு மருந்தை அளவோடு கொடுத்தால், பலவீனமான கிளைகள் உதிர்ந்து எஞ்சியவை உறுதிப்படுகின்றன. கசிவும் அழுத்தமும் குறையும் அந்தச் சில நாள்களில் கீமோதெரபி மருந்து எளிதில் நுழைகிறது. அளவு மிகுந்தால் வழியே அடைபட்டுவிடும்.

முற்றிய பெருங்குடல் புற்றுநோயில், கீமோதெரபியுடன் பெவாசிசுமாப் மருந்தையும் சேர்த்தபோது நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 15.6 மாதங்களிலிருந்து 20.3 மாதங்களாக உயர்ந்தது, 2004-இல் வெளியான ஆய்வின் முடிவு. ஆனால், மூளைப் புற்றுநோயான கிளியோபிளாஸ்டோமாவில் 2014-இல் வெளியான இரு பெரிய ஆய்வுகளில் மொத்த ஆயுள் கூடவில்லை. ரத்தக் கொதிப்பு, ரத்தக் கசிவு போன்ற பக்கவிளைவுகளும் உண்டு. எனவே இது எல்லோருக்குமான மருந்தன்று.

விசைத்தறியையோ லாரியையோ விற்றுச் சிகிச்சை பெறும் குடும்பங்கள் சேலம், நாமக்கல் பகுதியில் பல. 2016 முதல் இம்மருந்தின் ஒப்புமருந்துகளை இந்திய நிறுவனங்களும் விற்கின்றன. விலை குறைவது நல்லதே. ஆனால், அதிக மருந்து அதிகப் பலன் தரும் என்ற நம்பிக்கை தவறு. குறைந்து செல் விளைவு விதி இங்கும் உண்டு. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்று கணிக்கும் ஸ்கேன் வசதியும் வல்லுநர்களும் சேலம், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் போதிய அளவில் இருக்க வேண்டும். மருந்துக்கு ஒதுக்கும் நிதியில் ஒரு பங்கேனும் அது சென்று சேரும் வழிக்கும் ஒதுக்கப்பட வேண்டும். கடைமடைக்கு எட்டாத நீரால் பயிர் விளைவதில்லை.